வாயாடிகளின் மேடை

‘வாயாடி’ என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் பால் வேறுபாடு இல்லை. வழக்கில் உண்டு. சட்டென்று பதில் சொல்லும் ஆணைச் சமயோசிதக்காரன் என்கிறோம், பேச்சுச் சாமர்த்தியம் உள்ளவன் என்கிறோம், இப்போது ‘டைமிங்’ உள்ளவன் என்கிறோம். அதே வேகத்தில் பதில் சொல்லும் பெண் வாயாடி. பெண் பார்க்க வருகிறவர்களின் காதில் இந்தச் சொல் விழுந்துவிடக் கூடாதே என்று அம்மாக்கள் கவலைப்படுகிறார்கள். எழுதி வைக்காத வசனத்தைப் பேசிச் சிரிக்க வைக்கும் கலையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேட இந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

‘இம்ப்ரொவ்’ என்று இன்று நகரங்களில் அழைக்கப்படும் நகைச்சுவைக்கு எழுத்துப்படி கிடையாது. பயிற்சி உண்டு, அது வசனத்தை மனப்பாடம் செய்வதற்கல்ல, கூட நடிப்பவரைக் கேட்பதற்கு. பார்வையாளர் ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார். அதை வைத்துக் குழு அங்கேயே ஒரு காட்சியை உண்டாக்கும். இந்தக் கலையில் நுழைகிறவருக்குச் சொல்லித் தரப்படும் முதல் விதி ‘ஆமா, அப்புறம்’ என்பது. எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றதோடு நிற்காமல் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஏற்பது பாதி, சேர்ப்பது மீதி.

வேலூர் லாங் பஜாரில் இதற்கு வகுப்பு தேவையில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் மாலை, கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், பூ விற்கும் பெண்ணிடம் ஒருவர் குரலை உயர்த்துகிறார்: “இன்னாம்மா, முழம் நாப்பதா? தங்கத்துலயா கட்டிக்கீறே?” அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஆமாண்ணே, தங்கந்தான். வாங்கினு போய் அண்ணிகிட்ட குடு. அடகு வச்சாவது ரெண்டு வேளை உனக்குச் சோறு போடும்.” சுற்றி நின்றவர்கள் சிரிக்க, கேட்டவரும் சிரித்துவிட்டு இரண்டு முழம் வாங்கிப் போனார். ‘தங்கம் இல்லண்ணே, விலைவாசி அப்படி’ என்று அவள் மறுத்திருந்தால் அது வியாபாரம். ‘ஆமா’ என்று ஏற்று, அதற்கு மேல் ஒரு வீட்டையே கட்டி, அந்த வீட்டில் அவரைச் சோற்றுக்குக் காத்திருக்கும் புருஷனாக உட்கார வைத்ததுதான் கலை. ஆனால் லாங் பஜாரில் யாரும் அதைக் கலை என்று சொல்வதில்லை. ‘மார்க்கெட்காரி வாய்’ என்பார்கள்.

தமிழ் மரபு சிரிப்பைப் பற்றி என்ன சொல்கிறது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைக் குறிப்பிடுகிறது. இந்த நான்கையும் ஒரு பெண்ணாக வாசித்துப் பாருங்கள். எள்ளல் ஒன்றுதான் செய்பவரின் செயல். அதற்கும்கூட உரைகாரர் பேராசிரியர் இரண்டு பக்கம் காட்டுகிறார்: தான் பிறரை எள்ளுவது, பிறரால் தான் எள்ளப்படுவது. மற்ற மூன்றும், பார்ப்பவர் சிரிப்பதற்காக ஒருவரிடம் இருக்க வேண்டிய நிலைகள். இளையவளாக இரு, அறியாதவளாக இரு, மடவோளாக இரு, உலகம் சிரிக்கும்.

நான்காவதாக வரும் மடன் நமக்கு வேறோர் இடத்திலும் அறிமுகமானதுதான். களவியலில் அச்சம், நாணம் இவற்றோடு பெண்ணுக்கு உரியதாக வைக்கப்பட்ட பண்பு அது. பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொள்வதும், ஏற்றதை விடாமல் பிடித்துக்கொள்வதும் மடம் என்று உரைமரபு விளக்குகிறது. அகத்தில் எது பெண்ணுக்கு அழகோ அதுவே மெய்ப்பாட்டியலில் நகைப்புக்கு இடம். நல்ல பெண்ணாக இருப்பதற்கும் கேலிக்கு உரியவளாக இருப்பதற்கும் ஒரே தகுதியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதை இம்ப்ரொவ் விதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். ‘ஆமா’ என்று ஏற்கும் முதல் பாதியில் பெண்களுக்கு ஈராயிரம் ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. மாமியார் பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே அன்றைய வீட்டின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளும் மருமகளைவிடக் கூர்மையாகக் கேட்கும் நடிகர் யார்? ஒரு காட்சியில் யார் கை ஓங்குகிறது, யார் கை தாழ்கிறது என்பதைக் கவனிப்பதே நடிப்பின் உயிர் என்று ‘இம்ப்ரோ’ என்ற நூலில் (1979) கீத் ஜான்ஸ்டன் விரிவாக எழுதினார். அதை நாம் அடுப்படியில் கற்றிருக்கிறோம். நமக்கு மறுக்கப்பட்டது இரண்டாம் பாதி, அதாவது ‘அப்புறம்’. ஏற்றதன் மேல் தன்னுடையதைச் சேர்க்கும் உரிமை. மேடையில் பெண் வளர்வது என்றால் இந்த இரண்டாம் பாதியைக் கைப்பற்றுவது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நம் பக்கத்து நிகழ்த்துகலைகளில் இந்த உரிமை யாரிடம் இருந்தது? வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. அதில் கதை தெரிந்த கதை, பாட்டு பழகிய பாட்டு. அன்றைய இரவுக்கென்று புதிதாகப் பிறப்பது பெரும்பாலும் கட்டியக்காரனின் பேச்சுதான். அரசனை ‘நீ யார், எந்த ஊர்’ என்று கேட்பவன் அவன். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு உள்ளூர்ப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேச அவனுக்கு அனுமதி உண்டு. புராணத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் நிற்பவன் என்பதால் இரண்டு பக்கமும் அவனால் எள்ள முடிகிறது. அந்த வேடம் ஆணுடையது. திரௌபதியும்கூட மரபாக ஆண் கட்டிய வேடம்தான். சபையில் துகிலுரியப்படும் பெண்ணின் துயரத்தையும் ஆண் பேசினான், அந்தச் சபையைக் கேலி செய்யும் குரலையும் ஆணே பேசினான். எதிரே தரையில் பாய் விரித்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாம் பார்த்தோம்.

இதில் உடைப்பு நிகழாமல் இல்லை. ராஜகோபால், ஹன்னே டி ப்ரூயின் ஆகியோரின் முன்முயற்சியில் 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் பகுதியில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பையன்களோடு பெண்பிள்ளைகளும் கூத்து கற்றார்கள். சென்னையில் ஸ்ரீஜித் சுந்தரத்தின் நாடகக் குழு ‘கட்டியக்காரி’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. நிலவுடைமைக்காரப் பெண்ணுக்கும் புல்லறுக்கும் தலித் பெண்களுக்கும் நடக்கும் மோதலைச் சொல்லும் பாமாவின் ‘மொளகாப்பொடி’ கதையை அக்குழு மேடையேற்றியபோது அதில் திருநங்கைக் கலைஞர்கள் நடித்தார்கள். ‘கட்டியக்காரி’ என்ற பெண்பாற் பெயரைச் சொல்லிப் பார்க்கும்போதே அது இத்தனை நாள் இல்லாமலிருந்தது உறைக்கிறது. அந்தப் பெயரின் கீழ் வந்து நின்றவர்கள், பெண் என்ற வரையறைக்குள்ளேயே இடம் மறுக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தெற்கே, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் வெகு காலமாக மேடையில் இருக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களுக்கு ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக அமர்த்துவார்கள். அன்றிரவு நாடகத்துக்கென்று சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை, இயக்குநரும் இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடையில் சந்தித்து விடியும்வரை நடிக்கிறார்கள். இதைவிட அசலான இம்ப்ரொவ் உலகில் எங்கே இருக்கிறது? இதை ஆராய்ந்து சூசன் செய்சர் எழுதிய நூல் 2005இல் வெளிவந்தது. நாடகம் தொடங்குமுன் வரும் பபூன், டான்ஸ் ஜோடிக் காட்சியை அவர் நுணுக்கமாக விவரிக்கிறார். பபூன் முதலில் தனியாக வந்து பார்வையாளரோடு பேசிச் சிநேகம் பிடித்துக்கொள்கிறார். பிறகு ஆடிக்கொண்டு வரும் பெண்மேல் மோதுகிறார். யார் மோதியது என்பதில் வாக்குவாதம் தொடங்குகிறது.

இந்தக் காட்சியின் அமைப்பைக் கவனிப்போம். அவர் முன்பே வந்து சபையைத் தன் பக்கம் சேர்த்துவிட்டார். அவள் வரும்போது அது ஏற்கெனவே அவருடைய இடம். பொதுவெளியில் நடக்கும் பெண்மீது ஓர் ஆண் மோதினால் ‘நீ ஏன் இந்த வழியில் வந்தாய்’ என்று அவளைக் கேட்கும் அதே நியாயம்தான் நகைச்சுவையாகிறது. அடுத்த ஒரு மணி நேரமும் அந்தப் பெண் பதிலுக்குப் பதில் கொடுக்கிறாள். அவள் எடுத்துக் கொடுக்காவிட்டால் அவருடைய ஜோக் விழாது. ஆனாலும் தொழில் வழக்கில் அவருடைய பெயர் பபூன், அவளுடைய பெயர் டான்ஸ். சிரிப்பு அவர் கணக்கில், உடம்பு அவள் கணக்கில். கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் ஆண்வேடம் கட்டிப் புகழ்பெற்ற மேடை அது. பெண் ராஜபார்ட் ஆகலாம். பபூன் ஆவது கடினம். அரசனைவிடக் கோமாளிக்குத்தான் அதிகச் சுதந்திரம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது.

இந்த நாடகமேடைப் பெண்ணைத் தமிழ்ச் சினிமா ஒருமுறை நேராகப் பார்த்தது. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணி, மேடையில் ஆடிப் பாடிப் பிழைப்பவள். செவ்வியல் கலைஞர்கள் நிறைந்த கதையில் தாழ்ந்த மேடையிலிருந்து வருகிறவள். அவளைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் ஏமாளி என்று சிரிப்பதில்லை. தன்னைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் தன் கணக்கில் பேசுகிறாள். மனோரமாவே நாடகக் குழுவில் வளர்ந்து சினிமாவுக்குப் போனவர். பேதைமையும் மடனும் கேட்ட ஒரு வேடத்தில் எள்ளலைக் கொண்டுவந்து வைத்தார். தமிழ் நடிப்பில் ‘அப்புறம்’ என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் உதாரணம் இதுதான்.

மேடை மறுக்கப்பட்ட இடங்களில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் நலங்கின்போது சம்பந்தி வீட்டாரை ஏசிப் பாடுவது பெண்களின் கலை. மெட்டு பழையது, வசவு அன்றைக்குப் புதியது. மாப்பிள்ளையின் வழுக்கையும் மாமனாரின் கஞ்சத்தனமும் அங்கேயே பாட்டாகிவிடும். அந்த ஒரு நாள், அந்தக் கூடத்துக்குள் மட்டும் வாயாடிக்கு அனுமதி. மறுநாள் அதே வாயை மூடிக்கொண்டு மணப்பெண் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். எழுத்தில் ஏறிய ஏசலோ வேறு வகை. ‘முக்கூடற்பள்ளு’வில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவர் தெய்வத்தை மற்றவர் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். அபாரமான வாக்குவன்மை. ஆனால் அது சக்களத்திச் சண்டையாகவே நமக்குக் கிடைக்கிறது. உழைக்கும் சாதிப் பெண்கள் இருவர் தங்களுக்குள் அடித்துக்கொள்வதை மேலிருந்து ரசிக்கும் பார்வை அதில் இருக்கிறது. இரண்டு பள்ளிகளும் சேர்ந்து பண்ணைக்காரனை ஏசியிருந்தால் அந்த இலக்கியம் நமக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசிப்பது நல்ல பயிற்சி.

மேற்குலகில் கதை வேறாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். இன்றைய இம்ப்ரொவ் அரங்குக்கு அடித்தளம் இட்டவர் வயோலா ஸ்போலின் (1906–1994) என்ற பெண். 1930களின் இறுதியில் சிகாகோவில், குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது அவர் உருவாக்கிய விளையாட்டுகளே பின்னர் நடிப்புப் பயிற்சியாயின. 1963இல் அவற்றை நூலாக்கினார். ‘நல்லா செய்தாய்’ என்ற பாராட்டுக்கும் ‘இப்படியா செய்வது’ என்ற கண்டிப்புக்கும் ஏங்கி அஞ்சி நிற்பதுதான் மனிதரின் தன்னிச்சையைக் கொல்கிறது என்பது அவருடைய அடிப்படையான கருத்து. அவருடைய மகன் பால் சில்ஸ் 1959இல் நண்பர்களோடு தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ பெரிய நிறுவனமாயிற்று. அதே இடத்தில் 1990களில் நடித்த டீனா ஃபே தன் நினைவுநூலில் ஒரு செய்தி சொல்கிறார். அங்கே ஒரு குழுவுக்கு நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள் என்பது வழக்கம். மூன்றுக்கு மூன்று ஆக்கலாமே என்றபோது, பெண்களுக்குப் போதுமான வேடங்கள் இருக்காது என்று பதில் வந்ததாம். எழுத்துப்படியே இல்லாத நாடகத்தில் வேடம் எப்படிப் பற்றாமல் போகும்? ஒரு பெண் கண்டுபிடித்த விளையாட்டில் பெண்களுக்கு இடம் போதவில்லை.

என் மாணவிகளோடு வகுப்பு முடிந்த பிறகு இந்த விளையாட்டுகளைச் சில ஆண்டுகளாக ஆடி வருகிறேன். பலர் குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அம்மாக்கள் ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்கிறார்கள். முதல் சில வாரங்கள் ‘ஆமா’ எளிதாக வரும். அடுத்து ஒன்றும் வராது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், ‘மேம், சரியா?’ என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். ஸ்போலின் சொன்ன பாராட்டும் கண்டிப்பும் இங்கே அண்ணன், அப்பா, தெரு, பஸ் ஸ்டாண்டு எல்லாமாகச் சேர்ந்து அவர்களுடைய கழுத்தைப் பிடித்திருக்கும்.

ஒருநாள் ஒருத்தி கம்பெனி சூப்பர்வைசராக நின்று ஜோடிகளை எண்ணினாள். இன்னொருத்தி தரையில் ஷூவாக உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணு கொறையுதே. உன் ஜோடி எங்க?”

“அது எக்ஸ்போர்ட்டுக்குப் போயிடுச்சு சார். நான் ரிஜெக்ட்.”

மூன்றாவது ஒருத்தி உள்ளே வந்து இன்னொரு ஷூவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உன்னையும் பாத்துட்டுப் போனாங்களா?”

“ஆமா. எல்லாம் புடிச்சிருக்காம், தையல்தான் கோணலாம்.”

“எனக்கும் அதேதான் சொன்னாங்க. அப்புறம் ரெண்டு பவுன் அதிகமா போட்டா நேராயிடும்னாங்க.”

அறை சிரித்தது. பிறகு ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் எள்ளலை எங்கே திருப்பினார்கள் என்று பாருங்கள். தங்கள்மேல் அல்ல, ஒருவர்மேல் ஒருவர் அல்ல, தங்களைத் தரம் பிரிக்கும் கையின்மேல். இரண்டு பள்ளிகள் சேர்ந்து பண்ணைக்காரனை ஏசும் காட்சி இதுவாகத்தான் இருக்க முடியும்.

இங்கே இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். ‘ஆமா’ என்பதற்கு எல்லை உண்டு. ‘நீ என் பொண்டாட்டி, இங்க வா’ என்று காட்சியைத் தொடங்கி மேலே கை வைப்பவரையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று விதியைக் காட்டி மடக்குவது மடனைத் திரும்பக் கொண்டுவரும் வழி. காட்சியை ஏற்றுக்கொண்டே கையை மறுக்கலாம். ‘ஆமாங்க, வரேன், கோர்ட்டுலதானே?’ என்று ஒருத்தி சொன்னால் காட்சியும் உடையவில்லை, அவளும் உடையவில்லை. இந்தத் தேர்ச்சி வர நாள் பிடிக்கும்.

உண்மையான சிக்கல் அந்த நாள்தான். இம்ப்ரொவ் தனிக்கலை அல்ல, குழுக்கலை. கூட நிற்பவள் அடுத்து எங்கே திரும்புவாள் என்பது வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடினால்தான் கண்ணில் படும். ஆண்களின் செட்டு பத்து வயதில் தெருமுனையில் தொடங்கி ஐம்பது வயதுவரை அதே டீக்கடையில் நீடிக்கிறது. அவர்கள் சிரிப்பு நாற்பது ஆண்டு ஒத்திகை பார்த்த சிரிப்பு. பெண்களின் செட்டு இருபத்தோரு வயதில் கலைக்கப்படுகிறது. ஒருத்தியைத் திருப்பத்தூரில் கொடுக்கிறார்கள், ஒருத்தியை ஓசூரில். கல்யாணமானால் பெண் புருஷன் ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாடு ஒருத்தியின் வீட்டை மட்டும் மாற்றவில்லை. அவளுடைய குழுவை அழிக்கிறது. பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. ஒவ்வொரு ஊரிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பவளுக்கு எத்தனை திறமை இருந்தாலும் அது தனிவாயாகவே மிஞ்சும். தனிவாய்க்குத்தான் நாம் வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எனவே தேவைப்படுவது மேடையைவிட முதலில் ஒரு அறையும், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடியும் ஒரு மாலையும், கலைந்தவர்கள் திரும்பி வர ஒரு காரணமும்தான். படித்து முடித்துப் போனவர்களில் மூன்று பேர் இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருகிறார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வருகிறாள். போன முறை காட்சி நடுவில் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் காட்சியை நிறுத்தவில்லை, வெளியே தூக்கிக்கொண்டு ஓடவுமில்லை. குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, “புது மேனேஜர் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்றாள். எழுந்து நின்றோம். அரை மணி நேரம் அந்த மேனேஜரின் ஆட்சியில் கம்பெனி நடந்தது. சம்பள உயர்வு கேட்டவர்களுக்கெல்லாம் அழுகையே பதிலாக வந்தது, நிஜக் கம்பெனியில்போல. அவளைக் கட்டிப்போடும் என்று எல்லோரும் சொன்ன ஒன்றை அவள் ஏற்றாள், அதன்மேல் தன்னுடையதைச் சேர்த்தாள். அடுத்த மாதமும் அவள் வர வேண்டும். அவளை அனுப்பிவைக்கிற வீடும், அவளுக்காகக் காத்திருக்கிற செட்டும் இருந்தால் வருவாள்.